கல் இருந்தால் தானம் கூடாதா?

என் தம்பிக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், வாரத்துக்கு 3 நாள் டயாலிஸிஸ். "கவலைப்படாதேடா, நான் தரேன்" என்று முன்வந்தேன். ரத்தமும் ஒத்துப்போயிற்று. ஆனால் ஸ்கேனில் என் இடது கிட்னியில் 5 மில்லிமீட்டர் கல்! ஒரு நாளாவது வலித்திருந்தால்தானே எனக்குத் தெரியும்?

"அவ்வளவுதானா டாக்டர்?" என்றேன், தொண்டை அடைக்க.

"ஒரு காலத்தில் கல் என்றாலே வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். இப்போ அப்படியில்லைம்மா. ஒரே கல், சின்னக் கல். மறுபடி மறுபடி கல் உண்டாக்கும் கோளாறு உங்க உடம்பில் இல்லைன்னா யோசிக்கலாம்."

24 மணி நேரச் சிறுநீரையும் கேனில் சேர்த்துக் கொடுத்தேன். கால்சியம், ஆக்ஸலேட், யூரிக் ஆசிட் எல்லாம் அளவோடு இருந்தன.

"அப்போ கல் இல்லாத வலது கிட்னியை எடுத்துக்குங்க."

"ஊஹூம். தானம் கொடுப்பவருக்கு நல்லதை விட்டுவைப்பதுதான் முறை."

எனக்கு மனசே கேட்கவில்லை. சொத்தைக் கத்தரிக்காயைத் தம்பி தலையில் கட்டுவதா?

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வெளியே எடுத்த கிட்னியைக் குளிர்ந்த திரவத்தால் அலசி, ஐஸ் நடுவே வைப்பார்களாம். கூடவே வெட்டி எடுத்த சிறுநீர்க் குழாய் வழியாக, காமிரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விடுவார்களாம். சின்னக் கம்பிக் கூடையில் கல்லைப் பிடித்து இழுப்பார்கள்; பெரிசானால் லேஸரால் பொடிப்பார்கள். கிட்னியைக் கீறவே வேண்டாம். அதன் பிறகே தம்பிக்குப் பொருத்துவார்கள்.

"எடுக்காமல் விட்டால்?"

"பொருத்திய கிட்னிக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. கல் அடைத்தாலும் வழக்கமான வலி வராது. சிறுநீர் குறைந்து, ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிய பிறகுதான் தெரியும். அதனால் முன்னாலேயே எடுப்பது நல்லது."

அப்போதுதான் சம்மதித்தேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், "தம்பி?" என்றேன். "சிறுநீர் நல்லா பிரியுது" என்றார் நர்ஸ். அழுதுவிட்டேன். எடுத்த கல்லைப் பிறகு காட்டினார்கள். துவரம்பருப்பு அளவுதான்! இதற்கா இத்தனை கலங்கினேன்?

இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவள் நான். மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அதில் கல் வரக் கூடாது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன், வருஷா வருஷம் பரிசோதனையும் உண்டு.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் கொடுக்க முன்வந்தவருக்குக் கல் என்று சொன்னால் உடனே மனம் உடைந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் இது ஒத்துவராதுதான். ஆனாலும், "எடுத்துவிட்டுப் பொருத்த முடியுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.