கம்பெனி லென்ஸும் கடற்காற்றும்

தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் இறங்கியிருக்கின்றன என்ற செய்தி வந்துவிட்டால் போதும், அரிச்சல்முனைக்குப் போகும் சாலையோரத்தில் கார்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு, மணலில் வேன் பிடித்துக் குலுங்கிக்கொண்டு போக வேண்டிய பாடு தீர்ந்தது. கதவைத் திறந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆழமில்லாமல் தேங்கிய நீர். அதில் வெகு தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பறவையாக்கிக் காட்டத்தான் இத்தனை முக்காலிகள், இத்தனை நீள லென்ஸ்கள். 2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, தமிழ்நாடு அரசு இங்கே 524.7 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. முக்காலிகள் இனி கூடுமே தவிரக் குறையாது.

அந்த வரிசையில் முதலில் விசாரிக்கப்படுவது ஊரும் பெயரும் அல்ல, லென்ஸ்தான். டாம்ரான் அல்லது சிக்மாவின் 150-600 மி.மீ. என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “கம்பெனி லென்ஸ் எப்ப எடுக்கப் போறீங்க?”

கம்பெனி லென்ஸ் என்றால் கேமராவைச் செய்த நிறுவனமே செய்த லென்ஸ். நிக்கான் பாடிக்கு நிக்கான், கேனான் பாடிக்கு கேனான். டாம்ரான், சிக்மா, டோக்கினா போன்றவை லென்ஸ் செய்து, பல கம்பெனிகளின் பாடிகளுக்கும் பொருந்துமாறு விற்பவை. முதலில் பிற கம்பெனி லென்ஸ் வாங்கிப் பழகிவிட்டு, கையில் காசு சேர்ந்ததும் கம்பெனி லென்ஸுக்கு மாறுவதைப் பதவி உயர்வாகவே இத்துறையில் பார்க்கிறார்கள். அந்த உயர்வுக்குக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பலர் கேட்பதில்லை.

நல்ல கண்ணாடி கிடைக்கிறது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பழைய கதை கேட்க வேண்டும். கேனான் 1936இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஹன்சா கேனான் கேமராவில் இருந்த 50 மி.மீ. லென்ஸ் கேனான் செய்தது அல்ல. பின்னாளில் நிக்கான் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிப்பான் கோகாகு செய்த நிக்கோர் லென்ஸ் அது. இன்று எதிரெதிர் அணிகளாக ரசிகர்கள் பிரிந்து சண்டை போடும் இரண்டு கம்பெனிகளும் அன்றைக்கு ஒரே கேமராவில் சேர்ந்திருந்தன. 1950இல் ‘லைஃப்’ இதழுக்காகக் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன், தன் ஜெர்மன் லைக்கா கேமராக்களில் மாட்டிக்கொண்டு போனது ஜப்பானிய நிக்கோர் லென்ஸ்களை. அந்தப் படங்களின் தெளிவைப் பார்த்துத்தான் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் நிக்கானைத் திரும்பிப் பார்த்தார்கள். அதாவது, லைக்காக்காரர்களின் கணக்கில் நிக்கானே அன்றைக்கு ஒரு ‘பிற கம்பெனி’தான்.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், இந்தியக் காட்டுயிர் எழுத்துக்கும் ஒளிப்படத்துக்கும் முன்னோடி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். அவர் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அவரே பெயர் வைத்திருந்தார். பாடி ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, மிச்ச உறுப்புகள் அங்கங்கே சேகரித்தவை. எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டியது அவர் கை. கயிறும் பசையும்கூட அதில் இருந்திருக்கலாம் என்று நண்பர் ஈ.ஆர்.சி. டேவிதார் கேலியாக எழுதியிருக்கிறார். அந்தக் கதம்பக் கருவியில் எடுத்த கருப்பு வெள்ளை யானைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. இதை வைத்து, எந்த லென்ஸாக இருந்தாலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கிருஷ்ணனின் கேமராவில் லென்ஸும் பாடியும் ஒன்றோடொன்று பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இன்றைய கேமராவில் அந்தப் பேச்சுதான் எல்லாமே.

பாடி ‘அந்தப் பறவை இத்தனை தூரத்தில் இருக்கிறது, இவ்வளவு நகரு’ என்று லென்ஸுக்கு மின்முனைகள் வழியே சொல்கிறது. லென்ஸ் நகர்ந்துவிட்டு, ‘நகர்ந்துவிட்டேன், ஒளித்துளை இவ்வளவு, நடுக்கம் இவ்வளவு’ என்று பதில் சொல்கிறது. நொடிக்குப் பலமுறை இது நடக்கிறது. இந்த உரையாடலின் விதிகளைக் கம்பெனிகள் பொதுவாக வெளியே சொல்வதில்லை. பிற கம்பெனிகள் அதைக் கேட்டுக் கேட்டே ஊகித்து, அதற்கேற்ப லென்ஸில் சிப்பு வைக்கின்றன. ஊகம் இன்றைய பாடிக்குச் சரியாக இருக்கும். அடுத்த வருடம் வரப்போகும் பாடிக்குச் சரியாக இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சிக்மாவின் பழைய லென்ஸ்களை வைத்திருந்த கேனான்காரர்களுக்கு இது அனுபவப் பாடம். பிலிம் கேமராவில் ஒழுங்காக வேலை செய்த லென்ஸைப் புது டிஜிட்டல் பாடியில் மாட்டி, துளையைச் சுருக்கிப் படமெடுத்தால், திரையில் ‘எர்ரர் 99’ என்று வந்து நின்றுவிடும். லென்ஸ் பூட்டும் வாயான மவுண்ட்டைக் கேனான் மாற்றவில்லை, லென்ஸும் பழுதாகவில்லை. பேச்சுதான் புரியாமல் போயிற்று. சிப்பை மாற்றினால் சரியாகும், மாற்றச் சிப்பு கையிருப்பில் இருக்கும்வரை. நிக்கான் 2018இல் இசட் வரிசை மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்தபோது, பழைய லென்ஸை மாட்டும் அடாப்டரோடு டாம்ரானின் சில லென்ஸ்கள் ஒத்துப்போக மறுத்தன. டாம்ரான் மென்பொருளைத் திருத்தித் தர வேண்டியதாயிற்று. இப்போதைய லென்ஸ்களைக் கணினியில் இணைத்து நாமே திருத்திக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல். சிக்மா இதற்கென யு.எஸ்.பி. டாக்கையும், டாம்ரான் டேப்-இன் கன்சோலையும் விற்றதன் காரணம் இதுதான்.

சோனி வேறு வழியில் போனது. தன் இ-மவுண்ட்டின் அடிப்படை விதிகளை 2011இல் பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் திறந்த கதவிலும் ஒரு தாழ்ப்பாள் வைத்தது. சோனியின் ஆல்ஃபா 1 கேமரா தன் சொந்த லென்ஸோடு நொடிக்கு 30 படம் வரை எடுக்கும். பிற கம்பெனி லென்ஸை மாட்டினால் 15க்கு மேல் போகாது. சோனியின் டெலிகன்வெர்ட்டரும் அவற்றில் பொருந்தாது. கேனான் இன்னும் கறார். 2018இல் வந்த ஆர்.எஃப். மவுண்ட்டுக்குத் தானாக ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களை விற்ற சீன நிறுவனம் வில்ட்ராக்ஸை 2022இல் விற்பனையை நிறுத்தச் செய்தது. 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் உரிமம் கிடைத்தது, அதுவும் சிறிய சென்சாருக்கான லென்ஸ்களில் தொடங்கி.

ஆகவே கம்பெனிப் பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் கணிசமான பங்கு இந்த ஒத்துப்போதலுக்கான விலை. கண்ணாடிக்கான விலை என்று நினைத்துக் கொடுப்பவர்கள்தான் பிறகு ஏமாந்ததாகப் புலம்புகிறார்கள். நிக்கானின் இசட் 28-75 எஃப் 2.8 லென்ஸின் உட்புற வரைபடத்தையும், டாம்ரான் 2018இல் சோனிக்காகக் கொண்டுவந்த 28-75இன் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 12 தொகுதிகளில் 15 கண்ணாடிகள். வெளியே எழுதியிருக்கும் பெயர் மட்டும் வேறு. நடுக்கம் குறைக்கும் வசதியோடு முழுச் சென்சாருக்கான 24-70 எஃப் 2.8 லென்ஸை 2012இலேயே டாம்ரான் கொடுத்துவிட்டது. நிக்கான் அதைக் கொடுக்க 2015 ஆயிற்று. கல்யாண மண்டபத்தில் முக்காலி வைக்க இடமில்லாமல் உறவினர் கூட்டத்துக்கு நடுவே நின்று படமெடுப்பவருக்கு அந்த இடைவெளியில் எது ‘உயர்வு’?

பறவைப் படக்காரர்களுக்கு டாம்ரான் செய்த உபகாரம் இன்னும் பெரிது. 2013 கடைசியில் அறிவிக்கப்பட்ட அதன் 150-600, நடுத்தர வருமானக்காரர் 600 மி.மீ. என்ற எண்ணைத் தொட வழிசெய்தது. அடுத்த ஆண்டு சிக்மா அதே அளவில் இரண்டு லென்ஸ்களை இறக்கியது. அதன் பிறகே நிக்கான் 2015இல் 200-500ஐக் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவந்தது. இன்றும் 600 மி.மீ. எஃப் 4 கம்பெனி லென்ஸ் வேண்டுமென்றால் பத்து லட்சத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். அது 150-600இன் எஃப் 6.3ஐவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். காட்டுக்குள் விடியற்காலையில் அது பெரிய வித்தியாசம். தனுஷ்கோடியில் சூரியன் எழுந்து அரை மணியிலேயே வெளிச்சம் தாராளம். இங்கே சிக்கல்கள் வேறு.

தூரம்தான் முதல் சிக்கல். 200 மீட்டர் தள்ளி ஒன்றேகால் மீட்டர் உயரப் பூநாரை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600 மி.மீ. லென்ஸ் வழியாக முழுச் சென்சாரில் அது விழும் உயரம் 4 மி.மீ.க்கும் குறைவு. சென்சாரின் உயரம் 24 மி.மீ. ஆக, படத்தின் ஆறில் ஒரு பங்குகூடப் பறவை இல்லை. லென்ஸில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது கானல். மணல் சூடேறியதும் தரையை ஒட்டிய காற்று நெளியத் தொடங்கும். அந்த நெளிவு வழியாக 200 மீட்டர் பார்க்கும்போது பறவையின் கால்கள் அலையும், அலகின் விளிம்பு கரையும். பத்து மணிக்கு மேல் எடுத்த படங்களை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, லென்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டி மாற்றியவர்கள் கணிசம். அதே இடத்தில் பத்து லட்ச ரூபாய் லென்ஸை வைத்தாலும் கானல் அதே அளவு நெளியும். எஃப் 4 லென்ஸ் அந்த நெளிவை இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கலாம், அவ்வளவுதான். இந்த நோய்க்கு மருந்து அதிகாலை அலாரம், இல்லாவிட்டால் ராமநாதபுரம் பக்கம் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் கண்மாய்கள். அங்கே பறவையும் கிட்டத்தில் இருக்கும், கரை மரங்களின் நிழலும் உண்டு.

மூன்றாவது, உப்பு. பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலம் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டியே நூறாண்டைக் கடந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருவைத் தாங்கப் பாலிசிலாக்ஸேன் பூச்சும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தேவைப்பட்டன. அந்தப் பாலத்தின் பக்கத்தில் நின்று நாள் முழுக்கப் படமெடுக்கும் லென்ஸுக்கு இருப்பது ஒரு ரப்பர் வளையம்.

இந்த இடத்தில் கம்பெனி லென்ஸுக்கு மாறுவதில் ஓர் உண்மையான ஆதாயம் இருக்கிறது. டாம்ரான், சிக்மாவின் 150-600 லென்ஸ்கள் எல்லாமே ஜூம் செய்யும்போது முன்னால் நீளும். நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் கொல்லன் துருத்தி மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு நுண்மணலும் உப்பும் வரும். சோனி 2019இல் கொண்டுவந்த 200-600உம், நிக்கான் 2023இல் கொண்டுவந்த இசட் 180-600உம் நீளமே மாறாமல் உள்ளேயே ஜூம் செய்பவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்டபம் கரையில் நிற்பவருக்கு, கூர்மையைவிட இது மேலான காரணம். ஆனால் இதையும் பெயருக்கு எழுதிவிட முடியாது. கேனானின் ஆர்.எஃப். 100-500உம் 200-800உம் கம்பெனி லென்ஸ்கள்தான். இரண்டும் நீளத்தான் செய்கின்றன.

நொடிக்கு 15 படம் என்ற வரம்பும் இதே கதை. சேற்றில் நிதானமாக நடந்து மேயும் பூநாரைக்கு 15 படமே அதிகம். கடலில் தலைகுப்புற விழும் ஆலாவுக்கு, அலகு நீரைத் தொடும் அந்தக் கணத்துக்கு, 30 இருந்தால் நல்லது. பறக்கும் பறவையை விடாமல் பின்தொடர்வதில் கம்பெனி லென்ஸ்களுக்கு இன்றும் ஒரு படி மேல்நிலை இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆலாவையும் செம்பருந்தையும் பறக்கும்போது எடுப்பதே உங்கள் வேலை என்றால் மாறுங்கள். நிற்கும் பறவை, மாலை வெயிலில் பாலம், கல்யாண ஆல்பம் என்றால் அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவுகள் இருக்கின்றன: உறுதியான முக்காலி, ஈரம் உறிஞ்சும் பெட்டி, கண்மாய்களுக்குப் போய்வரப் பெட்ரோல்.

கைப்பழக்கமும் ஒரு செலவு, யாரும் கணக்கில் சேர்க்காத செலவு. டாம்ரானின் ஜூம் வளையம் நிக்கான் திசையில் சுழலும், சிக்மாவினுடையது கேனான் திசையில். கேனான் பாடியில் டாம்ரானோடு வருடக்கணக்கில் பழகிய விரல்கள், கம்பெனி லென்ஸ் வந்த புதிதில் பறவை எழும்பும் நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் திருப்பும்.

பழைய லென்ஸை விற்றுத்தான் பெரும்பாலோர் புதியதை வாங்குகிறார்கள். செகண்ட் ஹேண்டிலேயே கம்பெனி லென்ஸ் தேடுபவர்களும் ஏராளம். கடற்கரை ஊரிலிருந்து வரும் லென்ஸ் என்றால் படத்தின் கூர்மையைச் சோதிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. துளையை முழுதாகத் திறந்துவைத்து, மொபைல் டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனையில் சாய்வாகப் பார்த்தால், பூஞ்சை மெல்லிய இழைகளாகத் தெரியும். ஜூம் வளையத்தை மெதுவாகத் திருப்பும்போது நறநறவென்றால் உள்ளே மணல். மவுண்ட்டைச் சுற்றியுள்ள திருகுகளின் தலையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், விலை பேசுவதற்கு முன் மதுரையிலோ சென்னையிலோ சர்வீஸ் செய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.