காற்றுக்குப் பெயர் உண்டு, மழைக்கு?

இடுக்கி மாவட்டத்தில், குமுளியைத் தாண்டி ஏலக்காடுகளுக்கு நடுவே இருக்கிறது ஆனைக்கரை. வங்கக் கடல் அங்கிருந்து வெகுதூரம். ஆனாலும் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா, டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, மலைத்தொடரையும் தாண்டிக் கேரளம் வழியாக அரபிக் கடலில் இறங்கியது. மலைக்கு வந்தபோது அது புயல் அல்ல, வலுவிழந்த தாழ்வு மண்டலம்.

கஜா என்ற பெயரைக் கொடுத்தது இலங்கை. நம் பக்கத்துக் கடல்களில் புயலுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004-இல், வங்கதேசம் தந்த ‘ஒனில்’ என்ற பெயரோடு தொடங்கியது. அதற்கு முன் ஊரோ ஆண்டோதான் அடையாளம். 1964-இல் வந்ததை இன்றும் தனுஷ்கோடிப் புயல் என்கிறோம். எட்டு நாடுகள் தந்த 64 பெயர்களும் 2020 மே மாதம் ‘ஆம்பன்’ புயலோடு தீர்ந்தன. இப்போது 13 நாடுகள், நாட்டுக்கு 13 பெயர்கள். பசிபிக் பட்டியல் சுழன்று வரும். நம்முடையதில் ஒரு பெயர் ஒரே முறைதான். இந்தியா தந்தவற்றில் கதி, தேஜ் இரண்டுக்கும் அடுத்து நிற்பது ‘முரசு’. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை பெயரை அறிவிக்கும்.

கடலோரத்துக்கு இந்த அளவுகோல் சரி. மலைக்குப் போதாது என்பேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 பேரைப் பறிகொடுத்தோம், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அந்த மழைக்குப் பெயர் கிடையாது. நான்கே மாதத்தில், மாலத்தீவு பெயரிட்ட ‘புரெவி’ வருகிறது என்றதும் தென்கேரளத்தில் முகாம்கள் தயாராயின. புயலோ மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது. 2025 நவம்பரில் ஏமன் பெயரிட்ட ‘டித்வா’ இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில் உயிரை வாங்கியது காற்றல்ல, மழையும் மண்சரிவும்.

ஒவ்வொரு தாழ்வு மண்டலத்துக்கும் பெயர் வைக்கச் சொல்லவில்லை. புயல் வலுவிழந்த பிறகும் அதே பெயரைச் சொல்லி, எந்த மலையில் எவ்வளவு மழை பெய்யும் என்று லயங்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் செய்தி போகட்டும். தேனி மாவட்டத்திலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு, இடுக்கிக்கான எச்சரிக்கை வண்டி கிளம்பும் முன்பே, கம்பத்திலும் போடியிலுமே கிடைக்க வேண்டும்.