உஷார்! கோரல் சொல்லிக்கொடுக்கும் பிரஸ்காரர்களே

சேலம், நாமக்கல் பக்கம் பிரஸ், பிளெக்ஸ் கடை வைத்திருப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். "டிசைனை நானே போட்டுக்கிறேண்ணா, எப்படின்னு மட்டும் காட்டுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறவர்கள் கூடிவிட்டார்கள். லாரி ஆபீஸ் பையன், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக் கணக்கர், கோயில் கமிட்டிக்காரர் என்று எல்லாரும்தான். டிசைன் கூலி மிச்சம் என்பது அவர் கணக்கு. பார்ட்டி கைநழுவாது என்பது உங்கள் கணக்கு. தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் எதை?

பாடம் முடிந்ததும் பென்டிரைவை நீட்டுவார்: "சாப்ட்வேரையும் ஏத்திக் குடுத்துடுங்க." இங்கேதான் மாட்டுகிறோம். கிராக் கோரல்டிராவைப் பிறருக்கு நகலெடுத்துத் தருவது குற்றம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினாலே 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தாதவருக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு வழி உண்டு. கல்லாப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் நீங்கள் அதைச் சொல்ல முடியுமா? போதாததற்கு, கிராக் போட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதே கம்ப்யூட்டரில்தான் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, நெட் பேங்கிங், வருஷக்கணக்கான பில்புக் பைல்கள் எல்லாம் கிடக்கின்றன. ரான்சம்வேர் ஒன்று நுழைந்தால் அத்தனைக்கும் பூட்டு. சாப்ட்வேர் வேண்டும் என்பவருக்கு இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் இருக்கின்றன. இரண்டும் சட்டப்படியே இலவசம்.

அடுத்தது பைல். கேன்வாவில் போட்ட பத்திரிகையை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவார். அது சுருங்கி, மங்கி வந்து சேரும். ஆர்ஜிபி கறுப்பு நான்கு கலராகப் பிரியும். ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை தப்பினால் சின்ன எழுத்தில் சுழி அடைத்து, புள்ளி நிழலாடும். நீங்கள் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை, அந்த எழுத்துரு இல்லாத அவர் லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஆகவே கருவிப்பட்டையை விட்டுவிட்டு இதைச் சொல்லிக்கொடுங்கள்: 300 டிபிஐ, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், எழுத்தைக் கர்வ்ஸாக மாற்றுவது, படமாக அனுப்பாமல் பிடிஎப்பாக அனுப்புவது. அரை மணி நேரம் போதும். அப்புறம் புரூபில் கையெழுத்து. முகூர்த்த நேரம், ஜிஎஸ்டி எண், பில்புக் தொடக்க எண் மூன்றையும் அவரே வட்டமிட்டுத் தரட்டும். ஆயிரம் பத்திரிகை அடித்த பிறகு "நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க" என்றால் காகிதக் காசு யார் தலையில்?

பெரிய ஆபத்து தேர்தல் நோட்டீஸ். டிசைன் கற்றுக்கொண்ட கட்சித் தம்பி அழகுக்காக அடிவரியை எடுத்துவிடுவார். அந்த அடிவரிதான் உங்கள் கவசம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ-படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் நோட்டீஸிலேயே இருக்க வேண்டும். வெளியிடுபவரின் உறுதிமொழியில் அவரை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட வேண்டும். அச்சடித்ததும் அந்த உறுதிமொழியின் நகலும் நோட்டீஸும் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பைல் அவர் போட்டதுங்க, நான் அடிச்சுத்தான் குடுத்தேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. அடிவரி இல்லாத பைலுக்குப் பிளேட் போடாதீர்கள்.