எறும்பைப் பிடிக்காதீர்கள், குடிபெயர வையுங்கள்

மொட்டைமாடிப் பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் கட்டெறும்புக் கூட்டம். வளர்த்துப் பார்க்கலாமே என்று ஆசை வருகிறதா? டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ராணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டெறும்புக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ராணிதான். புதிய வேலைக்கார எறும்புகள் அதன் முட்டையிலிருந்துதான் வர வேண்டும். ராணியை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாட்டிலில் அடைத்தால், ஒவ்வொன்றாகச் செத்துக் கூட்டமே முடிந்துபோகும். ராணியின் ஆயுளோ வேறு கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எறும்பு வளர்த்த ஆங்கிலேயர் ஜான் லப்பக்கிடம் ஒரு ராணி ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாழ்ந்தது.

உங்கள் கூட்டத்தின் ராணி ஆழத்தில் இருக்கும். மண்வெட்டி போட்டால் நசுங்கலாம். அதனால் தானாக வரவழைப்பதே நல்லது. எறும்புக்கு வேண்டியது ஈரமும் இருட்டும். தொட்டி மண்ணை எறும்போடு அகலமான பிளாஸ்டிக் டப்பில் மெதுவாகக் கொட்டுங்கள். டப்பைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள்; நெய்க் கிண்ணத்துக்கு நாம் போடும் அதே காவல்தான். உள்விளிம்பில் டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் கால் வழுக்கும்.

இனி, சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அது தொடும்படி பஞ்சை அடைத்து, வெளியே கறுப்புக் காகிதம் சுற்றி டப்பில் படுக்க வையுங்கள். கூட்டம் பெரிதென்றால் இரண்டு மூன்று குழாய்கள். மண்ணுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். மண் காயக் காய, எறும்புகள் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு குழாய்க்குள் குடிபோகும். நாம் முட்டை என்று சொல்லும் அந்தப் பெரிய நீள் உருண்டைகள் உண்மையில் கூட்டுப்புழுக்கள். முட்டை மிகச் சிறியது. ஒரே இரவில் முடியலாம், வாரக்கணக்கிலும் ஆகலாம். அவசரப்பட்டுக் கிளறாதீர்கள்.

சாப்பாடு எளிது. பெரியவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு. வளரும் புழுக்களுக்குப் புரதம் வேண்டும்: செத்த ஈ, கொசு. மருந்தடித்துச் செத்த கரப்பான் மட்டும் கூடாது. மிச்சத்தைப் பூஞ்சை பிடிக்குமுன் எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை டப்பாவுக்கு வரும் பொடி எறும்புகள் வேண்டாம். அவற்றில் பல வகைகளுக்கு ராணிகள் பல. நூல் நுழையும் இடுக்கிலும் வெளியேறிவிடும்.

குடிபோனபின் காகிதத்தை விலக்கிப் பாருங்கள். உருவில் பெரிதாக, இறக்கை இருந்த நடுவுடல் தடித்துத் தெரிவது ராணி. அது வரவில்லையென்றால், குழாயைத் திறந்து எல்லாவற்றையும் அதே மண்ணோடு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.