ஐந்தாவது மடை

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து போவது எங்கள் திருக்காட்டுப்பள்ளியில்தான். அங்கே ஷட்டரை ஏற்றி இறக்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு புதிர் தோன்றியது. கைப்பேசிக்குப் புதிர் விளையாட்டு செய்வதுதான் என் வேலை. கம்பெனி எல்லாம் கிடையாது, நான் ஒரே ஆள்.

புதிர் இதுதான். வரிசையாக 5 மடைகள். ஒரு மடையைத் தொட்டால் அதுவும் அதன் இரண்டு பக்கத்து மடைகளும் மாறும். திறந்திருந்தது மூடிக்கொள்ளும், மூடியிருந்தது திறந்துகொள்ளும். ஓரத்து மடைக்குப் பக்கத்தில் ஒன்றுதானே இருக்கிறது? அங்கே இரண்டு மட்டும் மாறும். எல்லா மடையும் திறந்துவிட்டால் வெற்றி.

நான் கணினியைத் தொடவில்லை. திண்ணையில் 5 காசுகளை வரிசையாக வைத்தேன். தலை என்றால் திறந்த மடை, பூ என்றால் மூடிய மடை. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய நிரலைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. காசு என்றால் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

அண்ணன் மகளைக் கூப்பிட்டேன். ஐந்தும் பூ. இரண்டாவதைத் தொட்டாள், ஐந்தாவதைத் தொட்டாள், முடிந்தது! சரி என்று முதல் காசை மட்டும் பூவாக வைத்தேன். அரை மணி நேரம் புரட்டிப் பார்த்தாள்.

“சித்தப்பா, இது வரவே வராது.”

“வரும், நல்லா யோசி” என்றேன். ராத்திரி நானே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவள் சொன்னதுதான் சரி.

ஏன் வராது? காசுகளை எடுத்து நீங்களும் வைத்துப் பாருங்கள். நடுக்காசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மற்ற நான்கில் பூ எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். ஐந்தில் எதைத் தொட்டாலும் அந்த நான்கில் சரியாக இரண்டுதான் புரளும். அதனால் பூக்களின் எண்ணிக்கை இரண்டு கூடும், இரண்டு குறையும், இல்லாவிட்டால் அப்படியே இருக்கும். ஒற்றைப்படையில் தொடங்கினால் கடைசி வரைக்கும் ஒற்றைப்படைதான். நமக்கு வேண்டியது பூஜ்யம், அது இரட்டைப்படை. ஆகவே 1 பூவில் தொடங்கியவள் விடிய விடியப் புரட்டினாலும் 0-க்கு வர முடியாது. ஐந்து காசுகளை 32 விதமாக வைக்கலாம். அதில் பாதி, அதாவது 16, இப்படி விடையே இல்லாதவை. பாவம், அரை மணி நேரம் பிள்ளையைப் படுத்தியிருக்கிறேன்.

ஐந்தாவது காசை எடுத்துவிட்டேன். நான்கு காசில் மொத்தம் 16 தொடக்கங்கள்தான், அத்தனைக்கும் விடை உண்டு.

எடுத்துவிட்டதால் பிழைத்த விளையாட்டு ஒன்று உங்களுக்கே தெரியும்: டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை உருவாக்கியபோது, ஐந்து சதுரங்கள் ஒட்டிய 12 வடிவங்களை வைத்து ஆடும் பழைய மரப்புதிர்தான் அவர் மனதில் இருந்தது. பன்னிரண்டு என்பது அதிகமாகப் பட்டது. ஒரு சதுரத்தைக் குறைத்தார், 7 வடிவங்கள் ஆகிவிட்டன. அவருடைய கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளைச் சேர்த்து வைத்து, அதையே சதுரம் என்று வைத்துக்கொண்டார். என் திண்ணைக் காசு மாதிரிதான்.

எங்கள் அப்பாவுக்கு இன்னொரு குறை. “ஒரு மடையைத் தொறந்தா பக்கத்து மடை எப்படிடா மூடும்? நீ வயலுக்கே போனதில்லையா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. விதி நிஜத்தோடு ஒத்துப்போகிற விளையாட்டும் இருக்கிறதே. கனடாவின் டொராண்டோவில் உள்ள ‘விசை கேம்ஸ்’ 2023-ல் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாம் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போகும் என்பதே அதில் ஒரு புதிர். அந்த விதியை யாரும் கற்பனை செய்யவில்லை, ஆவி எப்படிப் போகுமோ அதுதான் விதி. அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது 2024-ல் அதற்குக் கிடைத்தது. என் மடைப் புதிர் அப்பாவிடமே தேறவில்லை!

இன்னொன்றும் பிறகு தெரியவந்தது. இதே மாதிரி விதியோடு, 25 விளக்குப் பொத்தான்களை வைத்து ‘லைட்ஸ் அவுட்’ என்ற பொம்மை 1995-லேயே கடைக்கு வந்துவிட்டதாம். நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. பரவாயில்லை, புதிர் நன்றாகத்தான் இருக்கிறது. மடைக்குப் பதிலாக எதை வைத்தால் அப்பா ஒத்துக்கொள்வார் என்று உங்களுக்குத் தோன்றினால் எழுதி அனுப்புங்கள்.

அதற்கு முன்னால் 4 காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்து இரண்டும் தலை, நடுவில் இரண்டும் பூ. பார்த்தால் சுலபம் மாதிரி இருக்கும். ஆனால் நான்கு காசின் 16 தொடக்கங்களில் அதிகத் தடவை தொட வேண்டியது இதற்குத்தான்.