ஓடும் காரில் ஓர் இசையரங்கு

கோவை அவினாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு விடுமுறை நாளில் சென்று பாருங்கள். கார் என்னும் வண்டி எப்படிப் படிப்படியாக வளர்ந்தது என்பதை அங்கே நேரில் காணலாம். தொடக்ககாலக் கார்களில் பாட்டுக் கேட்கும் வசதி கிடையாது. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் 1930-ல் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கிய பிறகே அது பரவியது. இன்று பாட்டுப் பெட்டி இல்லாத காரைத் தேடத்தான் வேண்டும்.

விரைந்து ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களும் சில மாதங்களில், "கம்பெனி கொடுத்த ஸ்டீரியோ போதவில்லை; மாற்ற வேண்டும்" என்று கடைக்குப் போகிறார்கள். எதை மாற்றினால் எது மாறும்? விடை உங்கள் பௌதிகப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பெட்டியின் மேல் 50 வாட், உள்ளே எவ்வளவு?

கார் ஸ்டீரியோவின் அட்டைப் பெட்டியில் "50 வாட் x 4" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். கார் ஒலிபெருக்கியின் மின்தடை பொதுவாக 4 ஓம். திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வருவது. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52 வாட். ஆனால் முழு மின்னழுத்தமும் இடைவிடாமல் ஒலிபெருக்கிக்குக் கிடைத்தால்தான் இது நடக்கும். இசை அப்படி வருவதில்லை. அலையாக ஏறி இறங்குகிறது. சீரான சைன் அலைக்கு இதில் பாதியான 26 வாட்தான் கிடைக்கும். டிரான்சிஸ்டர்களில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் தெளிவான ஒலிக்கு மிஞ்சுவது சுமார் 20 வாட்.

இன்னொரு சோதனையும் உண்டு. பல ஸ்டீரியோக்களின் பின்புறத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். 14.4 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே 144 வாட் என்றால், வெளியே 200 வாட் தொடர்ந்து வருவது எங்ஙனம்? ஆற்றல் அழிவின்மை விதியை எந்த விளம்பரமும் மாற்ற முடியாது!

இருமடங்கு திறன், இருமடங்கு ஒலி அல்ல

20 வாட்டை 40 வாட் ஆக்கினால் ஒலி இருமடங்காகக் கேட்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. திறன் இருமடங்கானால் ஒலி அளவு 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது திறன் பத்து மடங்காக வேண்டும்.

ஆகவே, அதிக வாட் தேடுவதற்கு முன்பு ஒலிபெருக்கியின் உணர்திறனைப் பார்க்க வேண்டும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் ஒன்று 88 டெசிபலும் மற்றொன்று 91 டெசிபலும் தருவதாகக் கொள்வோம். இரண்டாவதை வாங்கினால், ஆம்ப்ளிஃபயரின் திறனை இருமடங்காக்கிய பலன் செலவின்றியே கிடைத்துவிடுகிறது.

கதவுதான் பெட்டி

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது. அதே நேரத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. இவ்விரு அலைகளும் எதிரெதிரானவை. அவை ஒன்றுசேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீண்ட அலைநீளம் கொண்ட மத்தள ஒலி, தவில் ஒலி போன்ற தாழ்ந்த ஒலிகளே முதலில் மறைந்துபோகும்.

காரில் இவ்விரு அலைகளையும் பிரிக்கும் சுவர் கதவின் தகடுதான். ஆனால் அத்தகட்டில் பெரிய துளைகள் இருக்கின்றன. தகடும் சேர்ந்து அதிர்கிறது. துளைகளை மூடி, தகட்டின் மேல் அதிர்வைத் தடுக்கும் பிசின் தாளை ஒட்டினால், பழைய ஒலிபெருக்கியே புதியது போலப் பாடும்.

*செய்து பாருங்கள்:* பயன்படாத ரேடியோவின் ஒலிபெருக்கியை, பாட்டரியில் இயங்கும் சிறு ரேடியோவுடன் இணைத்து வெறுமனே கையில் பிடித்துக் கேளுங்கள். பிறகு ஒரு பெரிய அட்டையில் அதன் கூம்பளவுக்குத் துளையிட்டு, அதன் மேல் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள். ஒலியில் வரும் கனத்துக்குக் காரணம் உங்களுக்கே புரியும்.

கம்பியின் கனம்

அப்படியும் போதாது என்பவர்கள் தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கிறார்கள். இது காரின் 12 வோல்ட்டை உயர்த்திப் பயன்படுத்துகிறது. பழைய வால்வு ரேடியோக்களிலும் இதே உத்தி இருந்தது. அக்காலத்தில் 6 வோல்ட்டை நூற்றுக்கு மேற்பட்ட வோல்ட்டாக உயர்த்த, அதிரும் தொடுமுனை ஒன்று மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தியது. இன்று அவ்வேலையை டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன.

300 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் 75 சதவிகிதத் திறப்பாட்டில் இயங்கினால் 400 வாட்டை உட்கொள்ளும். அதாவது சுமார் 28 ஆம்பியர். பாட்டரியிலிருந்து 5 மீட்டர் நீளத்திற்கு 2 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போட்டால் அதன் மின்தடை 0.0425 ஓம். வழியிலேயே 1.2 வோல்ட் வீணாகி, 33 வாட் வெப்பமாக மாறும். கம்பி ஒரு சாலிடரிங் இரும்பைப் போலச் செயல்படுகிறது! 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் அந்த வெப்பம் சுமார் 4 வாட்டாகக் குறையும்.

ஃபியூஸை எங்கே வைப்பது? பாட்டரிக்கு மிக அருகில்தான். கம்பியின் உறை தேய்ந்து காரின் உடலைத் தொட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டும். கம்பி சிவந்து தீப்பிடிக்கும். ஆம்ப்ளிஃபயர் பக்கம் உள்ள ஃபியூஸ் அதைத் தடுக்காது. ஃபியூஸ் காப்பது முதலில் கம்பியை. அதன் மூலம் காரில் இருப்பவர்களின் உயிரை.

எடையும் இடமும்

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் வடிவமைத்த எஸ். கரிவரதனின் நினைவாகப் பெயர் பெற்றது. அத்தகைய களத்தில் ஓடும் பந்தயக் கார்களில் பாட்டுப் பெட்டியே கிடையாது. ஏன்? நியூட்டனின் இரண்டாம் விதி! 1000 கிலோ எடையுள்ள ஸ்போர்ட்ஸ் காரில் 25 கிலோ பெட்டியை ஏற்றினால், அதே விசைக்கு முடுக்கம் ஏறத்தாழ 2.4 சதவிகிதம் குறையும்.

இன்னொரு சிக்கல், ஓட்டுநர் நடுவில் உட்காருவதில்லை. வலப்புற ஒலிபெருக்கி அவருக்கு 60 சென்டிமீட்டர் அருகில் இருந்தால், அதன் ஒலி இடப்புற ஒலியைவிட ஏறக்குறைய 1.7 மில்லி வினாடி முந்தி வரும். பாடகர் வலப்புறக் கதவுக்குள் இருந்து பாடுவது போலத் தோன்றும். இன்றைய கருவிகள் வலப்புற ஒலியை அந்த அளவு தாமதப்படுத்தி, பாடகரைக் கண்ணெதிரே நிறுத்துகின்றன.

காதுக்கு மாற்று இல்லை

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வாளர்கள் வகுத்த வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் 1 மணி. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஸ்டீரியோவை எத்தனை முறையும் மாற்றலாம். காதை மாற்ற முடியாது. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் கேட்காத அளவுக்குப் பாட்டு வைப்பதும் பிறர் உயிருக்கு ஆபத்து.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ யாரேனும் காருக்கு ஸ்டீரியோ வாங்கப் போனால் நீங்களும் உடன் செல்லுங்கள். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், ஒலிபெருக்கியின் உணர்திறன் எவ்வளவு, கம்பியின் குறுக்குப் பரப்பு என்ன என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் நீங்களே கணக்குப் போட்டு, எது தேவை, எது வீண் என்று சொல்லுங்கள்.