தலைமை மாற்றமும் கட்சியின் தளமும்: 1953 ஒக்டோபர் பற்றிய ஒரு நோக்கு

மக்களின் வெறுப்புக்கு ஆளாகிவிட்ட தலைவரின் இடத்துக்கு ஆளுங் கட்சி யாரைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பது, பாராளுமன்ற ஆட்சிமுறை நிலவும் நாடுகளில் மீண்டும் மீண்டும் எழும் வினாவாகும். இலங்கையில் இவ்வினா மிக அண்மையில் எழுந்தது 2022 இலாகும். அவ்வாண்டு யூலை 9 இல் மக்கள் ஜனாதிபதி மாளிகையினுட் புகுந்தனர். கோத்தாபய ராஜபக்ஷ நாட்டை விட்டு வெளியேறிப் பதவி துறந்தார். யூலை 20 இல் பாராளுமன்றத்தில் நடைபெற்ற வாக்கெடுப்பில், ஒரேயோர் ஆசனத்தை உடைய ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளைப் பெற்று ஜனாதிபதியானார். அவ்வாக்குகளிற் பெரும்பாலானவை பொதுஜன பெரமுன உறுப்பினர் அளித்தவை. 2020 பொதுத் தேர்தலில் 145 ஆசனங்களைப் பெற்றிருந்த அக்கட்சி, 2024 நவம்பர்த் தேர்தலில் 3 ஆசனங்களைப் பெற்றது.

இதனை முன்னொருபோதும் நிகழாத விந்தையாகக் கருதுவோர் உளர். ஆனால் நமது அரசியல் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்க்குமிடத்து, இதனையொத்த நிகழ்ச்சியொன்று சுதந்திரம் பெற்ற ஆறாம் ஆண்டிலேயே நடந்திருத்தலைக் காணலாம். 1953 ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பிரதம மந்திரிப் பதவியைத் துறந்ததும் சேர் ஜோன் கொத்தலாவலை அப்பதவியை ஏற்றதுமே அந்நிகழ்ச்சி. அது பெரும்பாலும் இரு ஆளுமைகளின் கதையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. மென்மையானவர் விலக, முரட்டுத்தனமானவர் வந்தார் என்பர். இவ்விளக்கம் சுவையானது, போதுமானதன்று. தெரிவு எந்த வட்டத்துக்குள் நடந்தது, அவ்வட்டம் எவற்றைத் தெரிவுக்கு உட்படாதவை என முன்னரே ஒதுக்கி வைத்திருந்தது என்பனவே ஆராயத்தக்கவை.

முதலில் 1952 ஐ நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு மார்ச் 21 இல் காலிமுகத்திடலிற் குதிரையிலிருந்து வீழ்ந்த டி. எஸ். சேனநாயக்கா மறுநாள் காலமானார். சோல்பரி அரசியலமைப்பின்படி பிரதம மந்திரியை நியமிக்கும் பொறுப்பு மகாதேசாதிபதியைச் சார்ந்தது. பிரித்தானிய வழமையே வழிகாட்டி. பாராளுமன்ற அனுபவத்தையும் மூப்பையும் கொண்டு நோக்கின் கொத்தலாவலைக்கே உரிமை இருந்தது. அவர் போக்குவரத்து, பொது வேலை அமைச்சர்; சபை முதல்வருங்கூட. எனினும் சோல்பரிப் பிரபு, மறைந்த பிரதமர் உயிரோடிருக்கையிற் குறிப்பாக உணர்த்தியிருந்த விருப்பத்துக்கு இணங்க, அவர் மகன் டட்லியை மார்ச் 26 இல் நியமித்தார். கட்சியின் பொது உறுப்பினருக்கு இதில் எவ்வித பங்கும் இருக்கவில்லை. சேர் ஜோன் சீற்றங் கொண்டதும் பின்னர் அமைச்சரவையிற் சேர்ந்து கொண்டதும் யாவரும் அறிந்தவை.

போட்டியிட்டோர் யாவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கொத்தலாவலையின் தாயாரும், டி. எஸ். சேனநாயக்காவின் தமையனார் எஃப். ஆர். சேனநாயக்காவின் மனைவியும் உடன்பிறந்த சகோதரிகள். மூன்றாவது சகோதரி ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் தந்தையுடன் பிறந்தவரை மணந்தவர். வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா, எஃப். ஆர். அவர்களின் புதல்வர். யூ. என். பி. என்ற எழுத்துகளுக்கு 'மாமன் மருமகன் கட்சி' என்று எதிரணியினர் விரிவு கூறியது வெறுங் கேலியன்று. சமூகவியல் உண்மையொன்றை அக்கேலி உள்ளடக்கியிருந்தது. காரீயச் சுரங்கம், தென்னந் தோட்டம், இறப்பர்த் தோட்டம் ஆகியவற்றாற் பொருளீட்டிய சில குடும்பங்களின் திருமண உறவுகளையே ஆளுங் கட்சியின் உச்சிப்பீடம் பிரதிபலித்தது.

இவ்வட்டத்துக்கு வெளியே, ஆனால் கட்சிக்கு உள்ளே, நின்ற ஒருவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. அவரும் நிலவுடைமைக் குடும்பத்தவரே. எனினும் சிங்கள மகா சபை மூலம் கிராமப்புறத்துடன் தனியான தொடர்பை வளர்த்தவர். சபை முதல்வராகவும் சுகாதார, தல ஸ்தாபன அமைச்சராகவும் இருந்த அவர் 1951 யூலையில் எதிர்க்கட்சி வரிசைக்கு மாறி, செப்டம்பரில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைத் தொடக்கினார். டி. எஸ். அவர்களுக்குப் பின் தமக்கு இடமில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பது பொதுவான கருத்து. அவ்வாறாயின், 1953 இன் தெரிவு இரண்டாண்டுகளுக்கு முன்னரே குறுக்கப்பட்டுவிட்டது எனலாம். வாரிசுரிமையைக் காத்துக்கொண்ட கட்சி, தனக்குள் இருந்த ஒரே மாற்று வழியை வெளியே அனுப்பிவிட்டது.

1952 மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 95 தொகுதிகளில் 54 ஐப் பெற்றது. மறைந்த தலைவர் மீதிருந்த அநுதாபமும், கொரிய யுத்தத்தால் உயர்ந்த இறப்பர் விலை தந்த செழிப்பும், கூப்பன் அரிசியைக் கொத்து 25 சதத்துக்கே வழங்குவோம் என்ற வாக்குறுதியும் இதற்குக் காரணங்களாம். இன்னொரு காரணத்தை நமது வரலாற்றாசிரியர் சிலர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவர். 1948, 1949 ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமை, வாக்குரிமைச் சட்டங்களால் மலையகத் தோட்டத் தொழிலாளர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். அவர்தம் உழைப்பில் விளைந்த வருவாய்கொண்டே அரிசி மானியம் வழங்கப்பட்டது. அம்மானியம் பற்றிய தீர்ப்பில் அவர்களுக்கு வாக்கில்லை.

யுத்தச் செழிப்பு நிலைக்கவில்லை. இறப்பர் விலை சரிந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ உயர்ந்தே இருந்தது. சீனாவுடன் 1952 டிசம்பரிற் செய்யப்பட்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தம் ஓரளவு கைகொடுத்தது. அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது அதனை முன்னின்று செய்தவர் ஆர். ஜி. சேனநாயக்கா. ஆனால் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா வேறு வழியை நாடினார். உணவு மானியத்தைக் குறைக்குமாறு உலக வங்கித் தூதுக்குழு முன்னரே ஆலோசனை கூறியிருந்தது. 1953 யூலையில் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன.

ஓகஸ்ட் 12 இல் நடைபெற்ற ஹர்த்தாலை லங்கா சமசமாஜக் கட்சியும், பிலிப் குணவர்த்தனாவின் அணியும், கம்யூனிஸ்ட் கட்சியும் முன்னின்று நடத்தின. தமிழரசுக் கட்சி ஆதரவளித்தது. சுதந்திரக் கட்சி அநுதாபம் தெரிவித்து ஒதுங்கி நின்றது. பிற்காலத்தில் அதன் பயனை அறுவடை செய்தது அக்கட்சியே என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. மேற்கு, தென்மேற்குக் கரையோரங்களிற் புகையிரதப் பாதைகள் பெயர்க்கப்பட்டன, வீதிகள் மறிக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்லாந்து' என்ற பிரித்தானியப் போர்க் கப்பலிற் கூடியது. சுதந்திரம் பெற்று ஐந்தரை ஆண்டுகளே கழிந்த நிலையில், தன் மக்களுக்கு அஞ்சிய அரசாங்கம் எங்கே பாதுகாப்புத் தேடியது என்பதைவிட அவ்வரசாங்கத்தின் இயல்பை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

நோயாலும் மனச்சோர்வாலும் நலிந்திருந்த டட்லி ஒக்டோபர் 12 இல் விலகினார். இப்போதுதான் நமது வினா எழுகின்றது. ஜயவர்த்தனாவோ மக்கள் வெறுத்த வரவு செலவுத் திட்டத்தின் கர்த்தா. ஆர். ஜி. சேனநாயக்கா மக்களிடை நற்பெயர் உடையவரெனினும் கட்சி மேலிடத்துக்கு இசைவானவரல்லர். சேர் ஒலிவர் குணதிலக்கா தேர்தலில் நின்று வந்தவரல்லர், செனட்டர். எஞ்சியவர் கொத்தலாவலை. முன்னர்த் தமக்குக் கிடைக்கவில்லை என அவர் கருதிய உரிமை, பதினெட்டு மாதங்களின் பின் அவரைத் தேடி வந்தது. கட்சி தனக்குள்ள உட்கணக்கொன்றைத் தீர்த்துக்கொண்டது எனலாமேயொழிய, மக்கள் எழுப்பிய வினாவுக்கு விடையளித்தது எனல் இயலாது.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். புதிய அரசாங்கம் அரிசி விலையைக் குறைத்ததன்றோ? உண்மையே. ஜயவர்த்தனா நிதியமைச்சிலிருந்து விவசாய உணவு அமைச்சுக்கு மாற்றப்பட்டார், குணதிலக்கா நிதியமைச்சரானார், கூப்பன் அரிசியின் விலையும் படிப்படியாகச் சிறிது இறக்கப்பட்டது. ஆயினும் 25 சதம் என்ற வாக்குறுதி திரும்பவில்லை. இங்கு பிரித்தானிய உதாரணமொன்றை ஒப்புநோக்குதல் பயன் தரும். நமது முறைமைக்கு முன்மாதிரியாக அமைந்தது அந்நாடேயாதலின் இவ்வொப்பீடு பொருந்தும். 1990 இல் மார்கரெட் தட்சர் தலைவரியாலும் ஐரோப்பா பற்றிய பிணக்காலும் செல்வாக்கிழந்தார். நவம்பர் 20 வாக்கெடுப்பில் அவர் 204 வாக்குகளும் மைக்கல் ஹெசல்டைன் 152 வாக்குகளும் பெற்றனர். விதிகள் வேண்டிய வித்தியாசம் நான்கு வாக்குகளாற் கிட்டாது போகவே அவர் விலகினார். வீழ்த்தியவரைத் தெரிவு செய்யாது ஜோன் மேஜரைக் கட்சி தெரிவு செய்தது. மேஜர் தட்சரின் கொள்கைகளைப் பெரும்பாலும் தொடர்ந்தவர்; ஆனால் மக்கள் வெறுத்த தலைவரியை ஒழிப்பதாக அறிவித்தார். 1993 இல் அது அடியோடு மறைந்தது. 1992 தேர்தலில் அக்கட்சி 336 ஆசனங்களுடன் மீண்டும் வென்றது. ஆளும் வர்க்கம் தன் நலனைக் காக்கும் பொருட்டு எதனை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அங்குள்ளோர் அறிந்திருந்தனர். ஐந்தாண்டுகள் கழித்து 165 ஆசனங்களாகச் சுருங்கியமை வேறு காரணங்களால் விளைந்தது.

கொத்தலாவலை விட்டுக்கொடுக்க விரும்பாதவர். எதிர்ப்பாளரை அடக்கும் மொழியே அவருக்கு இயல்பாக வந்தது. 1955 ஏப்பிரலிற் பாண்டுங் மாநாட்டில், சோவியத் ஆதிக்கத்தைப் புதிய குடியேற்றவாதமெனச் சாடி மேற்கு நாடுகளின் பாராட்டைப் பெற்றார். ஆயினும் அவர் தவறுகளைப் பட்டியலிடுதல் எனது நோக்கமன்று. அவரினும் இனியவர் ஒருவர் அவ்விடத்தில் இருந்திருப்பின் விளைவு பெரிதும் மாறியிருக்குமா? சுயபாஷை ஆசிரியர், ஆயுள்வேத வைத்தியர், பிக்குகள், விவசாயிகள், தொழிலாளர் என்னும் பகுதியினர் ஹர்த்தாலின் பின் அக்கட்சியை விட்டு நீங்கிக்கொண்டிருந்தனர். ஆங்கிலங் கற்ற உச்சிப்பீடத்தில் எவர் இருந்தாலும் அவர்களோடு பேசும் மொழி அதனிடம் இருக்கவில்லை. இதனை உருவகமாக மட்டுமின்றி நேர்ப்பொருளிலும் கொள்க.

தமிழர் நிலையிலிருந்து நோக்கும்போதே இத்தலைமை மாற்றத்தின் முழு விலை புலப்படும். டட்லியின் அமைச்சரவையிற் கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்துக்குப் புதிய அமைச்சரவையில் இடங் கிட்டவில்லை. அமைச்சர் பதவி மூலம் தமிழர் நலன் பேணலாம் என்று அவர் வாதித்து வந்த கொள்கை, கொழும்பில் நிகழ்ந்த குடும்ப மாற்றமொன்றால் முறிந்தது. 1954 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சேர் ஜோன், கொக்குவில் இந்துக் கல்லூரியில் வைத்து, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வழங்க அரசியலமைப்பைத் திருத்துவதாக உறுதியளித்தார். அது நேர்மையான வாக்காகவே இருந்திருக்கலாம். ஆனால் தெற்கிற் செல்வாக்கிழந்த தலைவரொருவரின் வாக்குறுதியை அவரால் தாங்கி நிற்க இயலாது. தெற்கில் எழுந்த எதிர்ப்பின் முன் அவர் பின்வாங்கினார்.

அரிசிக்காகத் திரண்ட மக்களின் கோபம் 1955 இல் மொழியின் பேரால் திரட்டப்படலாயிற்று. இரு போராட்டங்களையும் ஒன்றெனக் கொள்ளல் தவறு. ஹர்த்தாலிற் சிங்களவரும் தமிழரும் ஒரே நாளில் வேலையை நிறுத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது. இடதுசாரிகள் இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்ற நிலையில் நின்றனர். ஆனால் ஹர்த்தாலை ஒருநாட் போராட்டமாக முடித்துக்கொண்ட அவர்கள், அதன் பின் அச்சக்தியைத் தம் வழி நடத்தத் தவறினர். இவ்விமர்சனம் அவர்களுக்குக் கசப்பாயினும் கூறியே ஆகவேண்டும். 1955 இன் இறுதியிற் சுதந்திரக் கட்சி சிங்களம் மட்டும் என்ற கொள்கையை ஏற்றது. ஆளுங் கட்சியும் 1956 பெப்ரவரியிற் களனியிற் கூடி அதே கொள்கையைத் தனதாக்கியது. கட்சியிலிருந்த தமிழர் வெளியேறினர். தலைவரை மாற்றியும் தளத்தைப் பெறாத கட்சி, இறுதியில் எதிராளியின் கொள்கையைக் களவாடியது. அதனை நம்புவார் எவருமிலர்.

1956 ஏப்பிரல் தேர்தலிற் பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 தொகுதிகளைப் பெற்றது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு எஞ்சியவை 8. டட்லி போட்டியிடவேயில்லை. களனித் தொகுதியில் ஜயவர்த்தனாவைத் தோற்கடித்தவர் ஆர். ஜி. சேனநாயக்கா, 1953 இற் கட்சியின் கண்ணுக்குத் தெரியாத அதே உறவினர். வடக்கு கிழக்கிற் தமிழரசுக் கட்சி 10 ஆசனங்களை வென்றது. கட்சி உள்ளே தேடிய மாற்றுத் தலைவரை மக்கள் வெளியே கண்டெடுத்தனர். அவரோ, கட்சி தன் வாசலிலிருந்து 1951 இல் வழியனுப்பியவர்.

அதே ஆண்டு யூன் 5 இற் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அன்று காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். பாராளுமன்றக் கட்டடம் அத்திடலின் எதிரே இருந்தது. மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தோருள் ஐக்கிய தேசியக் கட்சியின் எஞ்சிய உறுப்பினரும் அடங்குவர்.